ரெண்டு விரக்கடை

திருவண்ணாமலையில் மனிதர்களை முகத்தை வைத்து அடையாளம் காணாத ஒரே ஆள், தேரடித் தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்த ‘ரெண்டு விரக்கடை’தான். அவருக்கு ஊர் மொத்தமும் கால்கள். இடுப்புக்கு மேலே ஒருவருக்குத் தலை இருக்கிறதா, அதில் வழுக்கை விழுந்திருக்கிறதா என்பதெல்லாம் அவருக்குத் தேவையில்லாத தகவல்.

சைக்கிள் வாங்க வருகிறவர் வண்டியின் நடுக்கம்பிக்கு இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால் போட்டு, இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றி நிற்க வேண்டும். கம்பிக்கும் ஆளுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருந்தால்தான் வண்டி கிடைக்கும். “ரெண்டு விரக்கடை இல்லைன்னா, அவசரத்துல எறங்கற அன்னிக்குத் தெரியும்” என்பார். என்ன தெரியும் என்று சொல்லமாட்டார். ஆண்கள் யாரும் விளக்கம் கேட்டதும் இல்லை. அந்த வாக்கியமே அவருக்குப் பெயராகிவிட்டது.

ஒருமுறை குள்ளமான காண்ட்ராக்டர் ஒருவர் வந்து, இருப்பதிலேயே பெரிய இருபத்து நாலு இஞ்ச் பிரேம் வேண்டும் என்றார்.

“உங்களுக்கு இருபது போதுங்க.”

“என் அந்தஸ்து இன்னா, நீ இன்னா சொல்ற?”

“அந்தஸ்து ஜாஸ்திதாங்க. கால் கம்மி.”

காண்ட்ராக்டர் அன்றைக்கு நடந்தே போனார். பௌர்ணமி நாட்களில் ரெண்டு விரக்கடை கடைவாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கிரிவலம் போகும் கூட்டத்தின் கால்களைப் பார்த்து, “இருபத்திரண்டு, இருபத்திரண்டு, இருபது” என்று முணுமுணுத்துக்கொண்டிருப்பார். மந்திரம் சொல்கிறார் என்று நினைத்து சிலர் கும்பிட்டுப் போனதும் உண்டு. ஆறரை அடி வெள்ளைக்காரர் ஒருவர் வாடகை சைக்கிள் கேட்டு வந்தபோது, இவர் அந்தக் கால்களை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கண் கலங்கிப்போனார். “சாரி சார். இண்டியால நோ பிரேம்” என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

நான் அவரிடம் போனது தொண்ணூறுகளின் நடுவில். வேங்கிக்கால் பக்கம் ஒரு அரசு அலுவலகத்தில் கிளார்க் வேலை. உயரம் ஐந்தடி எட்டு அங்குலம். பஸ்ஸில் குனிந்தே நின்று கழுத்து வலித்ததால் சைக்கிள் வாங்க முடிவு செய்தேன். பெண்களை அவர் கிட்டே வந்து அளக்கமாட்டார். கோடு போட்ட மூங்கில் குச்சி ஒன்றை எதிரே நிறுத்தி, “இடுப்பெலும்பு எங்க வருதுனு நீயே கை வச்சிக் காட்டும்மா” என்பார். காட்டினேன்.

“இருபத்திரண்டு. லேடீஸ்ல நம்மகிட்ட இருபதுதான் இருக்கு. மெட்ராஸ்ல சொல்லி வரவழைக்கணும்.”

“இருபதே குடுங்க, பரவால்ல.”

“முட்டி ஹாண்டில்பார்ல இடிக்கும். ரெண்டு மாசம் ஆவும். அதுவரைக்கும் நடம்மா.”

மூன்று மாதம் நடந்தேன். ஆனால் வந்த சைக்கிளில் ஏறி உட்கார்ந்தபோது, எனக்கென்றே செய்த ஒரு பொருளில் முதல் தடவையாக உட்கார்ந்த மாதிரி இருந்தது.

அந்தச் சமயம் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு வரன் வந்தது. பள்ளிக்கூட வாத்தியார். உயரத்தினால் அதற்கு முன் மூன்று இடம் தட்டிப்போயிருந்ததால், “பொண்ணு சுமாரான உயரம்” என்று அம்மா சொல்லி வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கேசரி கிளறி வைத்துக் காத்திருந்தோம். யாரும் வரவில்லை.

மறுநாள் காலை சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போனேன். ரெண்டு விரக்கடை மிகவும் சந்தோஷமாக இருந்தார்.

“நேத்து ஒரு தப்பு நடக்க இருந்துச்சும்மா. தடுத்துட்டேன். உங்க வீட்டுக்கு வழி கேட்டு ஒரு மாப்பிள்ளையும் அவரு மாமாவும் வந்தாங்க. குச்சி வச்சிப் பாத்தேன், மாப்பிள்ளை இருபது. பொண்ணு இருபத்திரண்டுங்க, ஒத்து வராதுன்னு சொல்லிட்டேன். மாமாக்காரர் அப்படியே திரும்பிட்டாரு.”

ஆபீசில் ஃபைலுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதேன். சாயங்காலம் விஷயத்தைக் கேட்ட அம்மா, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சண்டைக்குப் போனாள். ஒரு மணி நேரம் கழித்துச் சத்தமில்லாமல் திரும்பி வந்தாள்.

“என்னம்மா ஆச்சு?”

“எனக்குப் பதினெட்டாம்” என்றாள்.

மூன்று வாரம் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் என்னைப் பார்க்க யாரோ வந்திருப்பதாக பியூன் சொன்னார். வெளியே புத்தம்புது சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, என் மூக்கு உயரத்துக்கு ஒருவர் நின்றிருந்தார்.

“நான் அந்தக் கீழ்பென்னாத்தூர் மாப்பிள்ளைங்க” என்றார். “எங்கப்பாவோட இருபத்து நாலு இஞ்ச் சைக்கிளைப் பத்து வருஷமா ஓட்டிட்டிருந்தேன். இடுப்பு வலிக்கு ஊசியெல்லாம் போட்டாச்சு. அந்தக் கடைக்காரர் சொன்ன இருபது வாங்கினேன், வலியே இல்லைங்க. சைக்கிள் விஷயத்துல அவர் சொன்னது சரி. உங்க விஷயத்துல அவர் பேச்சைக் கேக்க வேணாம்னு தோணுச்சு. மாமாவ நான் பாத்துக்கறேன். உங்களுக்கு ஆட்சேபணை இருந்தா போய்டறேன்.”

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் என் தலை எங்கே முடிகிறது என்றுதான் பார்த்தார்கள். இவர் அண்ணாந்து நேராகக் கண்ணைப் பார்த்துப் பேசினார். “சாப்டீங்களா?” என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த சம்மதம் அதுதான்.

கல்யாணத்துக்கு ரெண்டு விரக்கடை வந்து முதல் வரிசையில் உட்கார்ந்து, மணையில் இருந்த எங்களை வைத்த கண் வாங்காமல் பார்த்தார். தாலி கட்டி முடிந்ததும் மேடைக்கு வந்தார்.

“உக்காந்தா ரெண்டு பேரும் ஒரே அளவும்மா. நான் நிக்க வச்சே பாத்துட்டேன். தப்பு என்னுதுதான்.”

அவர் தப்பை ஒத்துக்கொண்டு ஊரில் யாரும் கேட்டதில்லை. பக்கத்திலிருந்த நாதஸ்வரக்காரரே வாசிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

நான்கு வருஷம் கழித்து எனக்கு மாற்றல் வந்தது. சாமான் ஏற்றும்போது கூப்பிடாமலே வந்தவர், இரண்டு சைக்கிள்களையும் தானே லாரியில் ஏற்றினார். பெயிண்ட் உரசிவிடும் என்று தோளில் இருந்த துண்டை எடுத்து என் சைக்கிள் பிரேமில் சுற்றிக் கட்டிவிட்டு, வெறும் தோளோடு வெயிலில் நடந்து போனார். அந்தத் துண்டைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். திருப்பிக் கொடுக்கலாம் என்று எடுப்பேன். மனசு வராது, மறுபடி உள்ளே வைத்துவிடுவேன்.