கரடி உடுப்பில் ஒரு பன்றித் தொடை

இந்தக் குளிர்காலத்தில் இனி ஒரு நாள்கூட விடிவதற்கு முன் எழுந்து காரைச் சூடாக்கப் போவதில்லை என்று முடிவெடுத்தேன். போர்வைக்குள் படுத்துக்கொண்டு எடுத்த முடிவு. என் பெரிய முடிவுகளையெல்லாம் நான் அங்கேதான் எடுப்பது வழக்கம்.

என் பெயர் உர்ஹோ. எங்கள் மொழியில் வீரன் என்று அர்த்தம். பெயர் வைத்த புண்ணியவான்கள் வடக்கே இருக்கும் எங்கள் ஊர் கயானியில் ஒரு டிசம்பர் காலையில் வெளியே வந்து பார்த்திருக்க வேண்டும். மூக்கு முடி உறைந்து குத்தும். வீரமெல்லாம் வாசற்படியிலேயே நின்றுவிடும்.

எங்கள் குடியிருப்பில் ஒவ்வொரு காருக்கும் ஒரு மின்கம்பம் உண்டு. காருக்குள் ஒரு குட்டி ஹீட்டர் இருக்கிறது. வயரைக் கம்பத்தில் செருகினால் அது ஓடும். கம்பத்தில் ஒரு கடிகாரமும் உண்டு. நேரம் வைத்துவிட்டால் தானாகவே ஹீட்டரைப் போட்டுவிடும், நாம் தூங்கலாம். எங்கள் கடிகாரம் செத்து மூன்று வருஷம் ஆகிறது. பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா என்று குடியிருப்புக் குழு இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது. குழுவில் இருக்கும் மேதாவிகள் அத்தனை பேருடைய காரும் கூரை போட்ட கொட்டகையில் நிற்கிறது. அவர்களுக்கென்ன அவசரம்?

ஆகவே யாராவது ஒருவர் போய்ப் பனிக்குள் கையை விட்டு வயரைத் தேடி எடுத்துச் செருகிவிட்டு வர வேண்டும். பிறகு மறுபடி போய்க் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்ட வேண்டும். ஒரு நாள் நான், ஒரு நாள் என் மனைவி கெர்ட்டு. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் குளிருகிறவனுக்கு நியாயம் எதற்கு?

இத்தனை பாடும் எங்கள் பையன் ஓட்சோவுக்காக. பத்து மாதப் பிள்ளை. காலையில் அவனைக் காப்பகத்தில் விட வேண்டும். காரில் மாட்டிக் கழற்றும் குழந்தை இருக்கையில் அவனைத் தடித்த உடுப்போடு உட்கார வைக்கக் கூடாது என்பது கெர்ட்டுவின் சட்டம். உள்ளே ஒரு கம்பளிச் சட்டை, மேலே ஒரு மெல்லிய கம்பளி உடுப்பு, அவ்வளவுதான். பெல்ட்டை இறுக்கிப் போட்டு, அதற்கு மேல்தான் போர்வை. குழந்தைகள் நல மையத்து நர்ஸ் என்னவோ சொன்னாளாம், இவள் அதை அப்படியே சட்டமாக்கிவிட்டாள். பிள்ளை மெல்லிய உடுப்பில் இருந்தால் கார் சூடாக இருக்க வேண்டும். கார் சூடாக இருக்க வேண்டுமென்றால் நான் குளிரில் நிற்க வேண்டும். சட்டம் கடைசியில் யார் தலையில் விடிகிறது பாருங்கள்.

"தடிச்ச உடுப்புல உட்கார வச்சா பெல்ட்டு உடுப்பைத்தான் பிடிக்கும், புள்ளையைப் பிடிக்காது" என்பாள்.

"நான் சின்னப் பையனா இருந்தப்ப எங்கப்பா கார்ல பின்சீட்டுல உருண்டுக்கிட்டேதான் போனேன். பெல்ட்டா, சீட்டா? எனக்கு என்ன ஆயிடுச்சு இப்ப?"

அவள் என்னை உச்சியிலிருந்து பாதம் வரை ஒருமுறை பார்த்தாள். "அதைத்தான் நானும் யோசிச்சிக்கிட்டிருக்கேன்."

மறுநாள் காலை என் காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு கடையின் விளம்பரத்தாள் கிடந்தது. அதில் அந்த உடுப்பு. வாத்து இறகு திணித்தது. பழுப்பு நிறம். தலையில் ரெண்டு கரடிக் காது. ஓட்சோ என்றாலே எங்கள் ஊரில் கரடிதான். துருவத்துக்கே போகலாம் என்று கீழே எழுதியிருந்தது. துருவத்துக்கே போகலாமென்றால் காப்பகத்துக்குப் போகக் கூடாதா? பிள்ளையை இதில் போட்டுக் கட்டிவிட்டால் கார் ஐஸ்கட்டியாக இருந்தால்தான் என்ன? அன்று மாலையே வாங்கி வந்துவிட்டேன்.

கெர்ட்டு அதை ரெண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. தள்ளுவண்டிக்கு ஆகும்."

"காருக்கு!"

"கார்ல ஆகாது."

"ஏன் ஆகாது? மத்தியானம் இதே புள்ளையைத் தள்ளுவண்டில வச்சு மைனஸ் பத்துல வாசல்ல தூங்கப் போடுற. நாடே போடுது. அங்க குளிராத புள்ளைக்குக் கார்ல மட்டும் சூடு வேணுமா?"

"அங்க மூட்டை மாதிரி சுத்தித்தானே போடுறேன். தள்ளுவண்டி எண்பதுல போகுதா?"

"நான் கொண்டு போய் எங்கேயாவது மோதிடுவேன்னு சொல்றியா?"

"நீ மோத வேணாம், ராசா. குறுக்க வர்ற எல்க் மான் மோதினாப் போதும்."

நானும் விடவில்லை. அவளும் விடவில்லை. கடைசியில் அவளே சொன்னாள். "சரி, பந்தயம். பெல்ட்டு ஒழுங்காப் பிடிக்குதுன்னு காட்டிடு. இந்த உடுப்புலயே அவன் போகட்டும், யாரும் காரைச் சூடாக்க வேணாம். காட்ட முடியலேன்னா குளிர்காலம் முடியற வரைக்கும் நீதான். என் முறையும் சேர்த்து."

அவள் இவ்வளவு சுலபமாக இறங்கி வந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. வென்றுவிட்ட மாதிரியே காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஆனா புள்ளையை வச்சு சோதனை கிடையாது" என்றாள்.

"பின்ன எதை வச்சு?"

சாமான் அறையில் கிறிஸ்துமஸ் விருந்துக்கு வாங்கிய பன்றித் தொடை இருந்தது. முழுத் தொடை. தராசில் வைத்துப் பார்த்தோம். ஓட்சோவும் அதுவும் ஏறக்குறைய ஒரே எடை. முகத்தில்கூடப் பெரிய வித்தியாசம் இல்லை என்று நான் சொன்னதற்குக் கெர்ட்டு சிரிக்கவில்லை.

தொடைக்கு உடுப்பை மாட்டினேன். பிள்ளைக்கு மாட்டுவதைவிடச் சுலபம், உதைக்காது. ஜிப்பைக் கழுத்து வரை இழுத்து, காதுத் தொப்பியைக் கவிழ்த்து, சமையலறை மேஜைமேல் இருந்த கார் இருக்கையில் உட்கார வைத்தேன். நடுவர் வேண்டுமே என்று பக்கத்து வீட்டு ஹெய்மோவைக் கூப்பிட்டோம். ரிட்டயர் ஆன மனிதர். பேச்சை ஏதோ ரேஷனில் வாங்கியவர் மாதிரிதான் செலவு செய்வார். உள்ளே வந்தார். குனிந்து தொப்பிக்குள் பார்த்தார்.

"அப்பன் ஜாடை அப்படியே" என்றார்.

"ஹெய்மோ, அது பன்றித் தொடைங்க" என்றாள் கெர்ட்டு.

அவர் மறுபடி குனிந்து நிதானமாகப் பார்த்தார். "ஜாடை ஜாடைதானே."

இந்த மாதிரி நடுவர் கிடைத்தால் யாருக்குத்தான் நியாயம் கிடைக்கும்? நான் கண்டுகொள்ளவில்லை. பெல்ட்டை மாட்டினேன். இருக்கையில் முழங்காலை ஊன்றி, பல்லைக் கடித்து, வாரை இழுத்தேன். இறகு புஸ்ஸென்று மூச்சு விட்டது. இன்னும் இழுத்தேன். தொடைக்கு உயிர் இருந்திருந்தால் கத்தியிருக்கும்.

"விரலை விட்டுப் பாருங்க, ஹெய்மோ. நுழையுதா?"

அவர் முயன்று பார்த்துத் தலையை ஆட்டினார். நுழையவில்லை.

"ஆச்சு!" என்றேன். "கெர்ட்டு, காபி போடு. ஜெயிச்சவனுக்கு ஏலக்காய் ரொட்டியும் எடு."

"இரு, துரை. இதுக்கு மேல இறுகாதுல்ல?"

"எங்கப்பாவே வந்து இழுத்தாலும் இறுகாது."

"சரி. இப்ப அதை எடு, உடுப்பைக் கழட்டு, வெறும் தொடையைத் திரும்ப வை. வாரை மட்டும் தொடாத. கொக்கியை மாட்டினாப் போதும்."

இதென்ன புது விதி என்று முணுமுணுத்துக்கொண்டே செய்தேன். கொக்கி 'க்ளிக்' என்றது. வார் ரெண்டும் துணிக்கொடி போலத் தொங்கின. கெர்ட்டு ஒரு முழுக் காபிப் பொட்டலத்தை எடுத்து வாருக்கும் தொடைக்கும் நடுவில் வைத்தாள். சாவகாசமாக உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பக்கத்தில் ஹெய்மோ தன் முஷ்டியை நுழைத்தார். அதற்கும் இடம் இருந்தது.

"மோதும்போது இறகெல்லாம் அப்பளமா நசுங்கிடும். அப்புறம் மிச்சம் இருக்கறது இந்த இடைவெளிதான்" என்றாள். குரலில் கேலி இல்லை.

ஹெய்மோ இருக்கையைத் தூக்கி லேசாகக் கவிழ்த்தார். லேசாகத்தான். தொடை வாருக்கு அடியில் வழுக்கிக்கொண்டு வந்து தரையில் பொத்தென்று விழுந்தது. உருண்டு என் காலடியில் நின்றது. தரையில் மரக்கரண்டியைச் சப்பிக்கொண்டிருந்த ஓட்சோ கைகொட்டிச் சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தொடையைப் பார்த்தேன், அவனைப் பார்த்தேன். பயந்துவிட்டேன், சொல்வதற்கென்ன. அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். ஆனால் பயம் வேறு, பந்தயம் வேறு.

"தொடைக்குத் தோள் கிடையாது. அதான் நழுவுது. இது செல்லாது" என்றேன்.

"உனக்கும்தான் கிடையாது" என்றார் ஹெய்மோ. அந்த வாரத்துக்கான பேச்சை அதோடு முடித்துக்கொண்டு, எனக்கு வர வேண்டிய ஏலக்காய் ரொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தொடையைக் கழுவி விருந்துக்கு எடுத்து வைத்தோம். கரடி உடுப்பு தள்ளுவண்டிக்குப் போனது. நான் தோற்றவன் முகத்தோடு நடமாடினேன். கெர்ட்டு ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. ஜெயித்தவள் குத்திக்காட்டாமல் இருந்தால் அதற்கு ஏதோ காரணம் இருக்கும். எனக்கு அதுவும் உறைக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை சானா என்ற நீராவி அறையில் வெந்து வந்து பரிசுகளைப் பிரித்தோம். மரத்தடியில் இருந்ததிலேயே பெரிய பொட்டலத்தில் என் பெயர். ஆசையாகப் பிரித்தேன். உள்ளே பழுப்பு நிறத்தில், வாத்து இறகு திணித்து, ரெண்டு கரடிக் காதோடு ஓர் உடுப்பு. என் அளவில்.

"காலையில கார்கிட்ட நிக்கறப்ப குளிராதுல்ல" என்றாள் கெர்ட்டு, வாஞ்சையாக.

"பந்தயத்துல தோத்ததும் ஓடிப் போய் வாங்கிட்டு வந்தியா?"

"ச்சே, இப்ப போனாக் கிடைக்குமா? நவம்பர்லயே வாங்கி வச்சிட்டேன்."

"நவம்பர்லயா! பந்தயம் போட்டதே போன வாரம்தானே?"

"ஆமா. அந்த விளம்பரத்தாளைக் காபிக் கோப்பைக்குப் பக்கத்துல வச்சு வச்சுப் பார்த்தேன். நீ கண்ணைத் திறந்து பார்த்தாத்தானே? அதுலயே அவ்வளவு நாள் போயிடுச்சு."

விடுமுறை முடிந்த முதல் காலை. இருட்டு. மைனஸ் இருபத்து நான்கு. பாதிக் குளிர்காலத்தை மட்டுமே பங்காகப் பெற்றிருந்த நான், இப்போது முழுசுக்கும் சொந்தக்காரன். காது ரெண்டும் ஆட, பனிக்குள் மண்டியிட்டு வயரைத் தேடிக்கொண்டிருந்தேன். ஒன்று மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும், குளிரவில்லை. மேலே ஜன்னலில் கெர்ட்டு கையில் காபியோடு ஓட்சோவுக்கு என்னைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

ஹெய்மோ நாயோடு வந்தார். நாய் குரைத்துக்கொண்டே அவர் காலுக்குப் பின்னால் ஒதுங்கியது. அவர் குனிந்து என் தொப்பிக்குள் நிதானமாகப் பார்த்தார்.

"அந்தத் தொடையைக் கிறிஸ்துமஸுக்கே தின்னு முடிச்சிருப்பீங்கன்னு நினைச்சேன்" என்றார்.