இடுப்பு ஒடுங்கிய முள்

ஒரு காட்டில் (எந்தக் காடு என்று கேட்காதீர்கள், சொன்னால் அங்கே போய்ப் பூட்டு வாங்குவீர்கள், வாங்கிவிட்டு என்னிடம் வந்து சண்டை போடுவீர்கள்) வெள்ளத்தாயி என்றொரு அணில் வாழ்ந்தாள். வேங்கை மர உச்சியில் கூடு, கூட்டில் மூன்று பிள்ளைகள். அதே மரத்தின் நடுவில் ஒரு பொந்து, பொந்து நிறைய வாதாங்கொட்டை. மழைக்காலம் முழுக்கப் பிள்ளைகளுக்குச் சோறு அதுதான்.

பொந்துக்குக் கதவு இருந்தது. கதவுக்குப் பூட்டு இருந்தது. பூட்டைத் திறக்கப் பொன்னுரங்கம் இருந்தான்.

பொன்னுரங்கம் ஒரு மரநாய். தொழில், திருட்டு. மீன்முள்ளால் பூட்டைத் திறப்பான், ஒரே ஒரு கைப்பிடி கொட்டை எடுப்பான், போகும்போது மறுபடி பூட்டிவிட்டுப் போவான். வெள்ளத்தாயிக்கு அதுதான் ஆத்திரம்.

"கதவைப் பேத்துட்டுப் போனாலாவது நாலு பேருகிட்டே காட்டி அழலாம். வீட்டுக்காரன் மாதிரி பூட்டிட்டுல்ல போறான், படுபாவி!"

நேரே முள்ளாண்டியின் பட்டறைக்குப் போனாள். முள்ளாண்டி ஒரு முள்ளம்பன்றி, காட்டிலே பூட்டு செய்யத் தெரிந்த ஒரே ஆள். ஒரே ஆள் என்றால் என்ன ஆகும்? டோக்கன் வாங்கி, முயலுக்குப் பின்னால் அரை நாள் நிற்க வேண்டும். நின்றாள்.

"அண்ணாச்சி, உங்க பூட்டு ஒரு மீன்முள்ளுக்குத் தாங்கல."

முள்ளாண்டிக்கு முதுகு சிலிர்த்தது. "தாயி, இங்கே பாரு. பூட்டுக்குள்ளே ஒரு உருளை. அதுக்கு மேலே ஆறு துளை. துளைக்கு ஒரு முள், ரெண்டா நறுக்கினது. மேலே பாகற்கொடிச் சுருள் அமுக்கிக்கிட்டு இருக்கும். சரியான சாவி போனா ஆறு நறுக்கும் உருளை விளிம்புக்கு நேரா வந்து நிக்கும், உருளை சுத்தும். அந்தத் திருட்டுப்பய என்ன பண்றான்? உருளையைத் திருகிப் பிடிச்சுக்கிட்டு, நறுக்கு விளிம்புக்கு வர்ற வரைக்கும் ஒவ்வொரு முள்ளா மேலே தூக்குறான்."

"அதைத் தூக்க முடியாம பண்ணுங்க."

முள்ளாண்டி மூன்று நாள் யோசித்தார். நாலாவது நாள் ஒவ்வொரு முள்ளிலும் மேல் துண்டின் நடுவை மட்டும் தேய்த்து, உடுக்கை மாதிரி இடுப்பு ஒடுங்க வைத்தார்.

"இப்போ தூக்கட்டும். இடுப்பு விளிம்புல மாட்டிக்கும். உருளை லேசா சுத்தி நிக்கும். திறந்துருச்சுன்னு நினைப்பான். திறந்திருக்காது! கையை எடுத்தா அத்தனையும் கீழே விழும். மறுபடி ஒண்ணாவதுல இருந்து ஆரம்பிக்கணும்."

விலை, ஒரு கூடை கொட்டை என்றார். வெள்ளத்தாயி பூட்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினாள்.

"இது தரையில உதிர்ந்து கிடந்த முள்ளுதானே? பொறுக்கிப் போட்டதுக்கா கூடை?"

"பொறுக்கினதா? நானா?" முள்ளாண்டி துள்ளிவிட்டார். முதுகிலிருந்து ஆறு முள்ளை அவள் கண்ணெதிரே பிடுங்கினார், வலியில் கண்ணீர் வந்தது, அதையே இடுப்பு தேய்த்து மாட்டினார். "இப்போ சொல்லு, பொறுக்கினதா?"

"இல்லதான். அரைக்கூடை."

கோபம் தலைக்கேறிய ஆளுக்குக் கணக்கு ஓடுமா? கொடுத்துவிட்டார்.

மறுநாள் பொன்னுரங்கம் வந்தான். மீன்முள்ளை விட்டான். ஒன்று, இரண்டு, மூன்று... உருளை லேசாகச் சுற்றியது. "திறந்துருச்சு!" என்று கத்தி, கதவை இழுத்தான். வரவில்லை. இன்னும் வேகமாக இழுத்து, பின்னால் பொத்தென்று விழுந்தான். கிளையில் உட்கார்ந்திருந்த குரங்குகள் அதைச் செல்போனில் படம் பிடித்துக் காடு முழுக்க அனுப்பின. அன்றோடு அவன் தொழிலை விட்டான்.

வெள்ளத்தாயிக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு அருமையான பூட்டின் சாவியைப் பத்திரமாக வைக்க வேண்டாமா? வைத்தாள். அணிலுக்குப் பத்திரம் என்றால் ஒரே முறைதான்: தோண்டு, புதை, மேலே ஒரு இலையைப் போடு, மறந்துவிடு.

மழை பிடித்தது. கூட்டில் பிள்ளைகள் பசியில் கத்தின. எழுபது இடத்தில் தோண்டினாள். போன வருஷக் கொட்டை கிடைத்தது, சொத்தை, சாவி கிடைக்கவில்லை. யானை ஒன்று இரக்கப்பட்டு, "மரத்தையே சாய்ச்சுடட்டுமாம்மா?" என்றது. பிள்ளைகள் மேலே இருப்பதை அவள் கும்பிட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

முள்ளாண்டியிடம் ஓடினாள். அவர் ஒரு விண்ணப்பத்தை நீட்டினார். 'மாற்றுச் சாவி வேண்டுவோர், உரிமையாளர் தாமே என்பதற்குச் சான்றாகப் பழைய சாவியை இணைக்கவும்.'

"அது இருந்தா நான் ஏன் அண்ணாச்சி இங்கே வர்றேன்?"

"விதி அப்படி."

"விதியை எழுதினது யாரு?"

"நான்தான்."

"சரி, நீங்களே வந்து திறந்து விடுங்க. பிள்ளைங்க ரெண்டு நாளா பட்டினி."

"நான் திறந்துட்டா, திறக்க முடியாத பூட்டுன்னு அப்புறம் எப்படி விக்கிறது?"

இந்த மாதிரி ஆளை என்ன செய்ய? அவள் பொன்னுரங்கத்தின் காலில் போய் விழுந்தாள்.

"தம்பி, எனக்காக ஒரே ஒரு தடவை என் வீட்டுல திருடு."

"வேணாம்க்கா. பொடிக்குரங்கெல்லாம் என்னைப் பார்த்து 'திறந்துருச்சு'ன்னு கத்துது."

"கைப்பிடி கொட்டை தர்றேன்."

"அது நானா எடுத்துக்கிட்டு இருந்ததுதானே? மாசாமாசம் கைப்பிடி. நீங்களே வாசல்ல வைக்கணும்."

"ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை."

"பிள்ளைங்க கத்துறது இங்கே வரைக்கும் கேக்குதுக்கா."

"மாசாமாசம்," என்றாள். வாழ்நாளில் அவள் தோற்ற ஒரே பேரம் அது.

பொன்னுரங்கம் பூட்டின் முன் உட்கார்ந்தான். காடே கூடியது. முள்ளாண்டியும் குடை பிடித்துக்கொண்டு முன் வரிசையில் வந்து நின்றார், தன் பூட்டு ஜெயிப்பதைப் பார்க்க. முதல் தடவை, லேசாகச் சுற்றி நின்றது. கையை எடுத்தான், எல்லாம் விழுந்தது. மூன்றாவது தடவையும் அதேதான். மேலே கடைசிப் பிள்ளையின் சத்தம் நின்றுபோயிருந்தது. வெள்ளத்தாயி உச்சியைப் பார்த்தாள், பூட்டைப் பார்த்தாள். அப்புறம் முள்ளாண்டியைப் பார்த்தாள். மெதுவாக உதட்டைப் பிதுக்கினாள்.

"விடு தம்பி. உன் மேல தப்பில்ல. மட்டமான சரக்கு. மழையில சுருள் ஊறி, முள்ளு இறுகிப்போச்சு. இடுப்பாம் இடுப்பு! துருப்பிடிச்ச தகரப் பூட்டுகூடத்தான் திறக்காது."

"இறுகிப்போச்சா?" முள்ளாண்டியின் குடை பறந்தது. "என் பூட்டா? வெண்ணெய் மாதிரி ஓடும்டி! டேய், திருகின கையை முழுசா எடுக்காதே, கொஞ்சமா தளர்த்து! நாலாவது முள்ளு இடுப்புல நிக்குது, அதை மேலே தள்ளு. தள்ளுடா! எங்கேயாவது இறுகுதா? சொல்லு, இறுகுதா?"

"இல்லண்ணே," என்றான் பொன்னுரங்கம்.

டக்.

கதவு திறந்தது. வெள்ளத்தாயி வாய் கொள்ளாமல் கொட்டையை அடைத்துக்கொண்டு மேலே ஓடினாள். கொஞ்ச நேரத்தில் மூன்று பிள்ளைகளும் சேர்ந்து கத்தின, இந்தத் தடவை பங்குக்கு.

கீழே முள்ளாண்டி கூட்டத்தைப் பார்த்து, "பாத்தீங்கள்ல? எவ்வளவு வழுவழுன்னு ஓடுது!" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பொன்னுரங்கம் பழக்கதோஷத்தில், போகும்போது மறுபடி பூட்டிவிட்டுப் போனான்.

வெள்ளத்தாயி கவலைப்படவில்லை. சாவியைத் தேடவும் இல்லை. பசித்தால் ஆள் அனுப்புகிறாள், அவன் வந்து திறந்துவிடுகிறான்.

நீதி: பூட்டை எவ்வளவு கெட்டியாகச் செய்தாலும் செய்தவன் வாய்க்குப் பூட்டு கிடையாது, ஆகவே பூட்டு வாங்குகிற அன்றைக்கே ஒரு நல்ல திருடனையும் பேசி வைத்துக்கொள், பிள்ளை அழுவதற்கு முன்னால் பேசினால் மலிவாக முடியும்.