லேபிள் ஒட்டிய ஜெர்மன்

விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் காலை ஏழு மணிக்கு, ஜெர்மன் மொழி கற்றுக்கொள்வது என்று முடிவெடுத்தேன். ஏழேகாலுக்கு அதை என் மனைவி சுசித்ராவிடம் அறிவித்தேன்.

"சண்டை வந்தா உங்களுக்குத் தமிழே திக்குது," என்றாள்.

நான் முடிவெடுத்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஓசூர் சிப்காட்டில் எங்கள் கம்பெனி ஜெர்மன்காரர்களுடையது. கியர் செய்கிறோம். முனிராஜ் என்றால் அங்கே தெரியும். லைன் சூப்பர்வைசர், பதினாறு வருஷ சர்வீஸ். நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். ஒருவருக்கு ஜெர்மனியில் ஒரு வருஷம் வேலை. ஆயுத பூஜைக்கு அங்கிருந்து பெரிய அதிகாரி ஹெல்கா மேடம் வருகிறார். ஆரம்பநிலை ஜெர்மனில் நாலு வார்த்தை ஒழுங்காகப் பேசுகிறவருக்குத்தான் அந்த சீட்டு.

அடியில் பொடி எழுத்தில் இன்னொரு வரி இருந்தது. மனைவிக்கும் அந்த அளவு ஜெர்மன் தெரிந்தால் அவரும் கூடப் போகலாம். அந்த வரியை மட்டும் நான் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை.

என்னைக் கல்நெஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். சுசித்ரா தங்கமானவள். ஆனால் ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டால் அவள் குரல் தேன்கனிக்கோட்டை ரோடு வரை கேட்கும். பன்னிரண்டு வருஷமாக நான் ஒரு துண்டைக்கூட நிம்மதியாகப் போட்டதில்லை. ஒரே ஒரு வருஷம். கேட்பாரில்லாத கட்டில். அதன்மேல் சொட்டச் சொட்ட ஒரு துண்டு. வேறு ஆசையே எனக்கு இல்லை.

"ஒரு ஆளுக்குத்தானா?" என்று கேட்டாள்.

"ஒரே ஆளு. ரூல்சு அப்படி. உன்ன விட்டுட்டு எப்படித்தான் இருக்கப் போறேனோ!" குரலைத் தழுதழுக்க வைத்தேன்.

"பாவம்," என்றாள்.

ஃபாக்டரியில் எங்களுக்கு 'ஃபைவ் எஸ்' என்று ஒரு வேதம் உண்டு. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம், எல்லாவற்றுக்கும் லேபிள். உபயோகம் இல்லாத பொருளுக்குச் சிவப்பு அட்டை. அதில் பொருளின் பெயர், காரணம், முடிவெடுக்கும் நாள் எழுதி ஒட்டுவோம். நாள் வரும்வரை யாரும் தேடி வராவிட்டால் அது காயலான் கடைக்குப் போகும்.

அந்த வேதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஜெர்மனில் பொருளுக்கெல்லாம் ஆண், பெண், இரண்டும் இல்லாதது என்று மூன்று ஜாதி. ஆணுக்கு நீல லேபிள், பெண்ணுக்கு மஞ்சள், மற்றதற்குப் பச்சை. ஜெர்மன் பெயரை எழுதி ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நூற்று எண்பது ஒட்டினேன்.

"ஸ்பூன் ஆம்பள, ஃபோர்க் பொம்பள, கத்தி ரெண்டுமில்ல," என்று விளக்கினேன்.

"யாருங்க பாத்துச் சொன்னது?"

"அது இலக்கணம்டி."

"ஆம்பளன்னா, அந்த ஸ்பூனு பாத்திரம் கழுவுமா?"

"ஜெர்மன்காரன் வீட்டுல கழுவும்."

"அப்ப நல்ல பாஷதான். நடத்துங்க."

உற்சாகத்தில் பரண்மேல் இருந்த பித்தளை அண்டாவுக்கு ஒரு சிவப்பு அட்டை ஒட்டினேன்.

"எங்கம்மா நாகரசம்பட்டியிலருந்து குடுத்தனுப்புன அண்டாங்க அது!"

"காரணம் எழுதியிருக்கேன் பாரு. இடத்தை அடைக்கிறது. முடிவு, மூணு மாசம் கழிச்சு."

"இந்த அட்டைய யாரு வேணா ஒட்டலாமா?"

"அதெப்படி? இன்சார்ஜ்தான் ஒட்டணும்."

"நம்ம வீட்டுக்கு யாருங்க இன்சார்ஜ்?"

"ஜெர்மன் தெரிஞ்சவங்க!" என்றேன், காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு.

அட்டையை இன்னொரு தடவை படித்தாள். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

தினமும் சாயந்திரம் பரீட்சை. செல்போனில் பாடம் ஓடும். அவள் வெங்காயம் நறுக்குவாள், நான் ஏலக்காய் டீ குடிப்பேன். பிறகு புத்தகத்தை அவள் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பாள். "ஜன்னல்?" என்பாள். ஜன்னலைப் பார்ப்பேன். லேபிள் இருக்கும். படிப்பேன். "கதவு?" கதவிலும் இருக்கும். தினமும் நூற்றுக்கு நூறு. என் மூளையைக் கண்டு எனக்கே கூச்சமாக இருந்தது.

"ஏங்க, 'நான் காபி குடிக்க விரும்பறேன்'னு சொல்றப்ப, குடிக்கிறத நம்மள மாதிரி இவங்களும் கடைசிலதான் போடறாங்க. பாத்தீங்களா?"

"உனக்கெதுக்கு அதெல்லாம்? நீ கேள்வி மட்டும் கேளு."

அவள் தன் அம்மாவிடம் தெலுங்கு பேசுவாள், பால்காரரிடம் கன்னடம், என்னிடம் தமிழ். நாலாவதாக ஒன்று உள்ளே நுழைவதை நான் கவனிக்கவில்லை.

ஆயுத பூஜைக்கு முதல்நாள் ஷிப்ட் முடிந்து வந்தேன். வீடு பளபளவென்று இருந்தது. டப்பா, கதவு, ஜன்னல், ஃபிரிட்ஜ் எல்லாவற்றிலும் சந்தனம், குங்குமம். ஒரு லேபிள்கூட இல்லை.

"சுசி! லேபிள் எங்க?"

"பூசைக்குக் கழுவாம வெச்சிருப்பாங்களா? உரிச்சிட்டேன். நீங்கதான் எல்லாம் மனப்பாடமாச்சே."

நான் ஃபிரிட்ஜைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது. இருவருக்குமே ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"புஸ்தகத்த எடு, சீக்கிரம்!"

"நாளைக்கு சரசுவதி பூசைங்க. புஸ்தகம் சாமிகிட்ட போயிருச்சு. விஜயதசமிக்குத்தான் எடுக்கணும். நடுவுல தொட்டா படிப்பே வராது."

"காலைல மறந்து வெச்சிட்டுப் போன செல்லுலயாச்சும் பாடத்தக் கேக்கறேன்."

"அதுவும் ஆயுதந்தானே? உங்க செல்லுக்கும் பொட்டு வெச்சாச்சு. தொடாதீங்க."

சாமி விஷயத்தில் எதிர்த்துப் பேச எனக்கு எந்த மொழியிலும் வார்த்தை கிடையாது.

மறுநாள் ஃபாக்டரி கல்யாண வீடாகியிருந்தது. ஆயுத பூஜை அன்று மட்டும் எங்களுக்குக் குடும்பத்தோடு உள்ளே வர அனுமதி. மெஷின்களுக்கெல்லாம் வாழைக்கன்று, மாவிலை. ஹெல்கா மேடம் பட்டுப் புடவையில், நெற்றி நிறையக் குங்குமத்தோடு என் லைனுக்கு வந்தார். சிரித்துக்கொண்டே ஏதோ கேட்டார்.

மேடத்தின்மேல் எங்காவது லேபிள் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. மெஷினைப் பார்த்தேன். பூசணிக்காயைப் பார்த்தேன். பதினாறு வருஷ சர்வீஸ், முப்பத்தைந்து நாள் படிப்பு, எல்லாவற்றையும் திரட்டி ஒரு வார்த்தை சொன்னேன்.

"லோஃபெல்."

அதே சீட்டுக்குப் படித்துக்கொண்டிருந்த பக்கத்து மெஷின் பிரதாப் என் காதில் கிசுகிசுத்தான். "சவுக்கியமான்னு கேக்கறாங்க. நீ ஸ்பூனுங்கறே!"

அப்போதுதான் சுசித்ரா முந்தானையைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தாள்.

"குட்டன் டாக்! இஹ் ஹைஸ சுசித்ரா. இஹ் கொம்ம அவுஸ் ஓசூர். தாஸ் இஸ்ட் மைன் மான்."

கடைசியில் என்னைக் காட்டினாள். வணக்கம், பெயர், ஊர், புருஷன், எல்லாம் நாலே மூச்சில். மேடம் குதித்தே விட்டார். காபியா டீயா, எத்தனை குழந்தை, வீட்டில் என்ன சமையல் என்று பத்து நிமிஷம் இருவரும் பேசினார்கள். நடுநடுவே என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

ஹெச்.ஆர். வந்து தீர்ப்பைத் தமிழில் சொன்னார். "முனிராஜ், நீங்க ரெண்டு பேருமே போறீங்க. மேடம் உங்க வொய்ஃபோட ஜெர்மன் பிரமாதம்னு சொல்றாங்க. உங்களுக்கு மூணு மாசம் டைம். வீட்டுலயே அவங்ககிட்ட கத்துக்குங்க. தேறலைன்னா சீட்டு பிரதாப்புக்கு."

பொரிகடலைப் பொட்டலத்தோடு வெளியே வந்தோம்.

"பொண்டாட்டியும் போலாம்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"பிரதாப் அண்ணன் நோட்டீச போட்டோ புடிச்சிருக்காரு. அவரு சம்சாரம் மோகனப்ரியா அத மொத நாளே எனக்கு அனுப்பிட்டா. பொடி எழுத்துங்க. பெருசு பண்ணித்தான் படிச்சேன்."

பொரியை அள்ளி வாயில் அடைத்துக்கொண்டேன். அவள் என் முதுகில் தட்டிக்கொடுத்தாள். "வெசனப்படாதீங்க. நான் சொல்லித் தரேன்."

அவளைப் பைக்கில் கொண்டுபோய் வீட்டில் இறக்கிவிட்டு, மனசு ஆற பேக்கரிக்குப் போனேன். டீ மாஸ்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். சிக்னலில் பின்னால் நின்ற ஆட்டோக்காரர் கைதட்டினார். எதிர்வீட்டு முனிலட்சுமி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார். ஜெர்மனி விஷயம் அதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது என்று நினைத்து எல்லோருக்கும் கையசைத்தேன்.

வீட்டுக்கு வந்து, கட்டிலில் போடலாம் என்று சட்டையைக் கழற்றினேன். முதுகில் ஒரு சிவப்பு அட்டை.

பொருள்: கணவர். காரணம்: இடத்தை அடைக்கிறது. முடிவு: மூன்று மாதம் கழித்து.