நான்கு நாற்காலியும் ஒரு கம்ப்யூட்டரும்

தனக்கு வேண்டியதைத் தானே முடிவு செய்துகொள்ளலாம் என்று உலகத்தில் பலர் நம்புகிறார்கள். மூன்றாவது மாடியில் குடியிருந்த ஓய்வுபெற்ற அதிகாரி அப்படி நம்பவில்லை.

அவரை அந்தக் குடியிருப்பில் எல்லோரும் மேலொப்பம் என்றுதான் சொல்வார்கள். வேலையில் இருந்த காலம் முழுவதும் அவர் எந்தத் தாளிலும் முதல் கையெழுத்துப் போட்டதில்லை. வேறு யாராவது போட்டிருந்தால் அதன் பக்கத்தில் தன் மேலொப்பத்தை இடுவார். தவறு நேர்ந்தால் முதலில் போட்டவர் மாட்டிக்கொள்வார். நல்லது நடந்தால் இருவருக்கும் பங்கு. இந்த முறையில் பல பதவி உயர்வுகளையும் ஒரு கைக்கடிகாரத்தையும் பெற்று, சிறு கறைகூடப் படாமல் ஓய்வு பெற்றார்.

ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. அங்கே ஒரு டாக்டர் வந்து பேசினார். மூளை துருப்பிடிக்காமல் இருக்க வேண்டுமானால் கம்ப்யூட்டரில் விளையாடுங்கள் என்றார். அதுவரை அந்தச் சங்கத்தினர் பூங்காவில் பின்னோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். அதுவும் ஒரு டாக்டர் சொன்னதுதான். அன்று மாலையே பூங்கா காலியானது. எல்லோரும் வீட்டில் உட்கார்ந்து பீரங்கி வண்டி ஓட்டிச் சண்டை போடும் விளையாட்டில் இறங்கிவிட்டார்கள்.

மேலொப்பமும் இறங்கினார். அவரிடம் இருந்தது பழைய லேப்டாப். அவருடைய வண்டி பாதி வழியில் சிலைபோல் நின்றுவிடும். அப்போது தணிக்கைக்காரர் எங்கிருந்தோ வந்து சுட்டுவிட்டுப் போவார். தணிக்கைக்காரர் என்பவர் தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக் காலத்தில் மேலொப்பம் அனுப்பிய எந்தக் கோப்பையும் அவர் ஆட்சேபணை இல்லாமல் விட்டதில்லை. ஒரு தடவையாவது அந்த மனிதரை ஜெயித்துவிட வேண்டும் என்பதுதான் மேலொப்பத்துக்கு வாழ்க்கையில் மிச்சம் இருந்த ஒரே ஆசை. சங்கத்தின் போட்டி மாதக் கடைசியில் நடக்க இருந்தது.

வெளியூரில் இருந்த மாப்பிள்ளை பெட்டியையும் மதர்போர்டையும் பிராசஸரையும் அனுப்பி வைத்திருந்தார். மதர்போர்டு என்பது மற்ற உறுப்புகள் எல்லாம் வந்து உட்காரும் பலகை. பிராசஸர் கணக்குப் போடும். இன்னும் நான்கு வேண்டும். வேலை நடக்கும்போது சாமான்களைப் பரப்பி வைக்கும் மேசையைப் போன்றது ராம். வேலை முடிந்ததும் எடுத்து வைக்கும் பீரோவைப் போன்றது எஸ்எஸ்டி. படத்தைத் திரையில் வரைந்து காட்டுவது கிராபிக்ஸ் கார்டு. எல்லோருக்கும் மின்சாரம் பங்கிட்டுக் கொடுப்பது பவர் சப்ளை. இந்த நான்கையும் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது. வீட்டுச் செலவை நிர்வகித்த மனைவி, அதற்கென ஒரு தொகையை ஒதுக்கி, "இதுக்கு மேல ஒரு காசு கிடையாது" என்று சொல்லியிருந்தார்.

மேலொப்பம் கடைக்குப் போனார். கடை முழுக்கச் சிவப்பும் பச்சையும் நீலமுமாக மின்னிக்கொண்டிருந்தது.

"விளக்கு இல்லாத ராம் இருக்கா?"

"விளக்கு இல்லாததுன்னா ஆர்டர் போட்டு வரவழைக்கணும் சார். விலை கூட ஆகும்."

"விளக்கு எதுக்கு?"

"எரியறதுக்கு சார்."

"எரிஞ்சா வேகம் கூடுமா?"

"பாக்கறவங்க கூடுதுன்னு சொல்றாங்க."

கடைக்காரர் நல்லவர். கிராபிக்ஸ் கார்டு புதிதாக வாங்கினால் பணம் அதிலேயே தீர்ந்துவிடும், கொஞ்ச நாள் ஓடியது வாங்கினால் மற்ற மூன்றும் வரும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். "பவர் சப்ளையில மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க சார். அது போனா தனியாப் போகாது, கூட இருக்கறவங்களையும் கூட்டிட்டுப் போயிடும்" என்றார்.

"சரி, எதை வாங்கட்டும்?"

"நீங்கதான் சார் சொல்லணும்."

மேலொப்பம் உறுப்புகளின் பட்டியலையும் பேனாவையும் நீட்டினார். "நீங்க முதல்ல இதுல ஒரு கையெழுத்துப் போடுங்களேன். நான் பக்கத்துல போட்டுடறேன்."

"நான் விக்கறவன் சார். நானே வாங்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டா நல்லாவா இருக்கும்?"

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டார்.

"வாங்கித் தொலைங்க" என்றார் வீட்டம்மா.

"அதை எழுத்துல கொடுக்க முடியுமா?"

வீட்டம்மா மிக்ஸியை ஓடவிட்டார்.

முதல் கையெழுத்துக்கு ஆள் இல்லை. ஆள் இல்லாத இடத்தில் பதவியை உருவாக்குவதுதான் நிர்வாகம். சாப்பாட்டு மேசையைச் சுற்றி நான்கு நாற்காலிகள் இருந்தன. மேலொப்பம் முதல் நாற்காலியை விண்ணப்பதாரருக்கும், இரண்டாவதை எழுத்தருக்கும், மூன்றாவதைக் கண்காணிப்பாளருக்கும், மெத்தை வைத்த நான்காவதை அதிகாரிக்கும் ஒதுக்கினார். நான்கு பேராகவும் தாமே இருப்பது என்று முடிவாயிற்று. அதனால் சம்பளச் செலவு இல்லை.

முதல் நாற்காலியில் உட்கார்ந்து, மூளை துருப்பிடிக்காதிருக்கும் பொருட்டு மேற்படி நான்கு உறுப்புகளையும் வாங்க அனுமதி அருளுமாறு பணிந்து வேண்டினார். எழுந்து போய் இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தார். விண்ணப்பத்தைப் படித்தார். முகம் சுளித்தார்.

"படம் காட்டும் கார்டு ஒன்று கேட்கப்பட்டுள்ளது. வீட்டில் ஏற்கெனவே ஒரு டிவி படம் காட்டிக்கொண்டிருப்பது விண்ணப்பதாரரின் கவனத்துக்குக் கொண்டுவரப்படுகிறது. மேலும், ராம் இரண்டு துண்டு எதற்கு என விளக்கவும்."

முதல் நாற்காலிக்கு வந்து விளக்கம் எழுதினார். ராம் இரண்டாகச் சேர்ந்து வேலை செய்தால்தான் வேகம் கிடைக்கும் என்று கடைக்காரர் சொன்னதைக் குறிப்பிட்டார். இரண்டாவது நாற்காலிக்குப் போனார். "இருவர் சேர்ந்தால் வேகம் குறைவதே அலுவலக அனுபவம். விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லை" என்று திருப்பினார்.

விண்ணப்பதாரருக்குக் கோபம் வந்தது. சமையலறைக்குப் போய், "அந்த கிளார்க் வேணும்னே இழுத்தடிக்கறான்" என்றார்.

"எந்த கிளார்க்கு?"

"ரெண்டாவது நாற்காலி."

"எழுந்து ரெண்டு அறை விடுங்க."

"அரசு ஊழியர் மேல கை வைக்கக் கூடாது."

"அப்ப ஒரு காபியக் கொடுத்துப் பாருங்க" என்றார் வீட்டம்மா, விளையாட்டாக.

மேலொப்பம் சர்க்கரை தூக்கலாக ஒரு காபி வாங்கிக்கொண்டு போய், யாரும் பார்க்காதபடி இரண்டாவது நாற்காலிக்கு எதிரே வைத்தார். பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்து குடித்தார். கோப்பு உடனே நகர்ந்தது.

மூன்றாவது நாற்காலி அன்று இடத்தில் இல்லை. ஒட்டடை அடிப்பதற்காக வீட்டம்மா அதை எடுத்துப் போயிருந்தார். கண்காணிப்பாளர் வெளிப்பணியில் இருப்பதாகக் குறித்து, கோப்பு காத்திருந்தது. கீழ்வீட்டுக்காரர் ஏணி இரவல் கேட்டு வந்தவர், மேலொப்பம் ஒரு வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டார். விவரம் கேட்டுக்கொண்டு போய், மாடிப்படி முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

நாற்காலி திரும்பி வந்தது. கண்காணிப்பாளர் கோப்பைப் புரட்டினார். ஓரத்தில் காபிக் கறை இருந்தது. எழுத்தரிடம் விளக்கம் கேட்டார். அது தானாகவே வந்த காபி என்று எழுத்தர் பதில் எழுதினார். கண்காணிப்பாளர் எச்சரிக்கையுடன் மன்னித்து, கோப்பை அதிகாரிக்கு அனுப்பினார்.

இப்போது நான்காவது நாற்காலி. மேலொப்பம் மெத்தையில் அமர்ந்து, பச்சைப் பேனாவைத் திறந்தார். மேலே மூன்று கையெழுத்து இருந்தது. இத்தனை நாள் ஏங்கியது இதற்குத்தான். பக்கத்தில் ஒன்று போட்டால் தீர்ந்தது. பேனா தாளைத் தொடும் நேரத்தில் கை நின்றது.

"மூன்று கையெழுத்தும் ஒருவர் போட்டதுபோல் இருப்பது பலத்த ஐயத்துக்கு இடமளிக்கிறது. விசாரணை முடியும்வரை கோப்பு நிறுத்தி வைக்கப்படுகிறது."

எழுதிவிட்டு எழுந்தார். முதல் நாற்காலியில் போய் விழுந்தார். "போச்சு" என்றார். "நாளைக் கழிச்சுப் போட்டி. இந்தத் தடவையும் அந்த ஆள்தான் ஜெயிப்பான்." அவர் நடிக்கவில்லை.

வீட்டம்மா வந்து பார்த்தார். கையில் வெண்டைக்காயும் கத்தியும் இருந்தன. நான்காவது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எழுந்திரு, அது அதிகாரி நாற்காலி."

"உட்கார்ந்தாச்சு. கோப்பக் கொண்டாங்க."

மேலொப்பம் எழுந்து நின்றார். ஏன் நின்றார் என்று அவருக்கே தெரியாது. கோப்பை இரு கையாலும் நீட்டினார்.

"இதெல்லாம் வாங்கினா விளையாடுவீங்க. விளையாடினா என் பின்னால சுத்த மாட்டீங்க. அவ்வளவுதானே?"

"ஆமாங்க மேடம்."

"ஹால்ல டியூப்லைட் போய் எத்தனை நாளாச்சு? சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. இதுல விளக்கு எரியுமா?"

"பலவிதமா எரியும்."

"அந்த விளக்காவது எரியட்டும்" என்று பச்சைப் பேனாவை வாங்கி, வெண்டைக்காய்க் கையோடு கையெழுத்துப் போட்டார். "இந்த நாற்காலி முதுகுக்கு நல்லாத்தான் இருக்கு."

அந்தக் கையெழுத்தின் பக்கத்தில் மேலொப்பம் தன் வாழ்நாளின் மிக மகிழ்ச்சியான மேலொப்பத்தை இட்டார்.

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. கொஞ்ச நாள் ஓடிய கிராபிக்ஸ் கார்டும், உருப்படியான பவர் சப்ளையும், மற்ற இரண்டும் வந்தன. மாப்பிள்ளை போனில் சொல்லச் சொல்ல மேலொப்பம் திருகினார். யாராவது முதலில் சொல்லிவிட்டால் அவர் கை நடுங்கியதே இல்லை. சுவிட்சைப் போட்டதும் பெட்டிக்குள் மூன்று மின்விசிறிகள் சுழன்றன, ஹால் முழுக்க ஊதா நிறமானது. டியூப்லைட்டை அதற்கப்புறம் யாரும் நினைக்கவில்லை.

போட்டி நாள் வந்தது. மேலொப்பத்தின் வண்டி எங்கேயும் நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு மலை ஏறியது. உச்சியில் இருந்து பார்த்தால், கீழே தணிக்கைக்காரரின் வண்டி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

மேலொப்பம் அழுத்தவில்லை.

"என்னங்க, மறுபடியும் நின்னுடுச்சா?" என்றார் வீட்டம்மா.

"இல்ல. நல்லாத்தான் ஓடுது."

"அப்பச் சுடுங்க."

"முதல் குண்டு யாரோடதுன்னு..."

அப்போதுதான் வீட்டம்மாவுக்கு விஷயம் புரிந்தது. இத்தனை நாள் நடு வழியில் நின்றது லேப்டாப் இல்லை.

கீழே தணிக்கைக்காரரின் வண்டி மெல்லத் திரும்பத் தொடங்கியது. வீட்டம்மா குனிந்து பொத்தானை அழுத்தினார். குண்டு பாய்ந்தது. தணிக்கைக்காரரின் வண்டி தீப்பிடித்துக் கவிழ்ந்தது. உடனே மேலொப்பத்துக்குக் கையில் உயிர் வந்தது. எரிந்துகொண்டிருந்த வண்டியின் மேல், குறி பார்த்து, அழகாக இரண்டாவது குண்டைச் சுட்டார்.

சிறிது நேரத்தில் போன் வந்தது.

"முதல் குண்டு யார் அதிகாரத்துல சுட்டது?" என்றார் தணிக்கைக்காரர். "அதுக்கு உத்தரவு இருக்கா? நான் பாக்கணும்."

மேலொப்பம் மனைவியைப் பார்த்தார். வீட்டம்மா நான்காவது நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பச்சைப் பேனா காதில் செருகியிருந்தது.

"எழுத்து மூலமா கேக்கச் சொல்லுங்க" என்றார் வீட்டம்மா.

தணிக்கைக்காரர் மறுநாளே நேரில் வந்தார். முதல் நாற்காலி காலியாக இல்லை. ஏணி வேண்டும் என்ற விண்ணப்பத்தோடு கீழ்வீட்டுக்காரர் அதில் உட்கார்ந்திருந்தார். அவர் இப்போது சிரிக்கவில்லை. இரண்டாவது நாற்காலிக்கு எதிரே அவர் கொண்டுவந்த காபி ஆவி பறந்துகொண்டிருந்தது.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்று தணிக்கைக்காரர் கேட்டார்.

"ஒட்டடை அடிக்கப் போன நாற்காலி வரணும்" என்றார் கீழ்வீட்டுக்காரர். "வந்துட்டா சீக்கிரம் ஆயிடும்னு சொல்றாங்க."

ஒரு ஏணிக்கு எதற்கு நான்கு நாற்காலி என்று அவரும் கேட்கவில்லை, இவரும் கேட்கவில்லை. தணிக்கைக்காரர் சுவரோரம் நின்று வீட்டைச் சுற்றிலும் பார்த்தார். பழக்கம் விடவில்லை. பையில் இருந்து ஒரு தாளை எடுத்து ஆட்சேபணை எழுதினார்.

"கம்ப்யூட்டர் ஒன்றுக்கு மூன்று மின்விசிறிகள் வைக்கப்பட்டிருக்க, விண்ணப்பதாரர் நாற்காலிக்கு மேல் ஒன்றுகூட இல்லாதது வருந்தத்தக்கது."

எழுதி முடித்து, கீழ்வீட்டுக்காரருக்குப் பின்னால் வரிசையில் நின்றார்.