‘யோகன் மாமா’ வரிசையை விட்டு அசையவில்லை

முதலில் என் கோழிக் கிறுக்கலைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படியாதவன். ‘ர’வும் ‘ற’வும் எனக்கு ஒரே முகமுள்ள இரட்டைப் பிள்ளைகள். எழுத்துப் பிழைகளைத் திருத்தி வாசியுங்கள். (மற்றப் பிழையைத் திருத்த ஏலாது.)

திருகோணமலையில் இறங்குதுறை வாசலில் ஓட்டோ ஓட்டுகிறேன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். இப்படிப்பட்டவனைத்தான் அக்காவின் மகள் தர்சினி தன் கம்பஸ் இறுதிச் சோதனைக்குக் கூட்டிப்போனாள்.

அவள் செய்த மென்பொருளுக்குள் குட்டி ஓட்டோக்கள் நிற்கும். ஒவ்வொன்றும் தானே யோசித்து ஓடும். தோப்பூரிலிருந்தோ புல்மோட்டையிலிருந்தோ முன்பின் தெரியாத ஓட்டோவும் வந்து சேரலாம். ஆனால் தரிப்பிடத்தின் விதிகளுக்கு அடங்கவேண்டும். மீறினால் அடுத்த சவாரி இல்லை. அந்த விதிகளை எழுதிச் சேர்த்து, ஓடவிட்டுப் பார்ப்பதற்குத்தான் மென்பொருள். பரீட்சகர்களுக்குப் பிடித்தால் கம்பஸிலேயே உதவி விரிவுரையாளர் வேலை. விதிகளைச் சொன்னவன் நான்.

“வேற ஏதும் இருக்கோ மாமா? வரிசையை விட்டுப் போற நேரம் ஒண்டும் இல்லையோ?”

“சீச்சீ! வரிசை எண்டா வரிசைதான். எங்கட ஸ்டாண்ட் அவ்வளவு கண்டிப்பு, பிள்ளை.”

(கம்பஸ் பிள்ளை என் வாயைப் பார்த்து எழுதுகிறாள் என்ற பெருமை. வேறொன்றுமில்லை.)

சோதனையன்று கலியாணச் சட்டையைப் போட்டு, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, கடைசிக் கதிரையில் இருந்தேன். திரையில் ஒரு ஓட்டோவுக்கு ‘யோகன் மாமா’ என்று பெயர் வைத்திருந்தாள். சந்தோசத்தில் வயிற்றை விட்டுவிட்டேன். பொத்தான் ஒன்று பறந்தது.

பரீட்சகரான பேராசிரியை சொன்னார்: “சரி தங்கச்சி, இப்ப வயித்துக்குத்து வந்த ஒரு கர்ப்பிணியைக் கொண்டுவாங்கோ பாப்பம்.”

கர்ப்பிணி வந்து நின்றது ‘யோகன் மாமா’வின் பக்கத்தில். ‘யோகன் மாமா’ அசையவில்லை. முறை முன்னால் இருந்தவனுடையது. அவன் பெற்றோல் அடிக்கப் போயிருந்தான். (அவனுக்கு இடம் பிடித்து வைக்கவேண்டும் என்பதும் என் விதிதான்.) புதிதாக வந்த தோப்பூர் ஓட்டோ கூட மரியாதையாகக் கடைசியில் போய் நின்றது. மண்டபம் கொல்லென்று சிரித்தது.

உண்மையில், ஆஸ்பத்திரி அவசரம் என்றால் பக்கத்தில் நிற்பவன் பறப்பான். திரும்பி வரும்போது அவனுடைய இடம் அப்படியே இருக்கும். அதை நாங்கள் ஒருநாளும் விதி என்று நினைத்ததில்லை. அதனால் சொல்லவுமில்லை.

பேராசிரியை என் பக்கம் பார்த்தார்: “பின்னுக்கு இருக்கிற ஐயா, நீங்கதானே விதி சொன்னது? உண்மையிலயும் இப்பிடித்தானோ?”

தர்சினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். விரல்கள் விசைப்பலகைக்கு மேலே காத்திருந்தன. விடுபட்ட விதியை அங்கேயே சேர்த்து ஓட்டிக் காட்டலாம். அந்த மென்பொருளின் கெட்டித்தனமே அதுதான். நான் ‘இல்லை’ என்றால் போதும். ஆனால், பிள்ளையின் வேலை பிழை என்று ஆகிவிடுமே என்று பயந்தேன். எழும்பி, “ஓம்” என்றேன். திரும்பக் கதிரையில் இருந்தேன்.

விரல்கள் மெல்லக் கீழே இறங்கின.

பாஸ் பண்ணினாள். வேலை வேறொருவருக்குப் போனது. திரும்பி வரும்போது, “பறவாயில்லை மாமா, நான் மற்ற ஆக்களிட்டயும் கேட்டிருக்கவேணும்” என்றாள். ஏசியிருந்தால் அன்று நித்திரை கொண்டிருப்பேன்.

ஸ்டாண்டில் கிண்ணியா றபீக் நானா விடவில்லை. “ஏன்டாப்பா யோகன், புள்ளத்தாச்சியப் பக்கத்தில வெச்சிட்டு சும்மா நிண்டியாமே! எங்க மானத்தையும் சேத்தெல்லோ வாங்கிட்டாய்!”

வீட்டில் இன்றைக்கும் நான் சோற்றுக்குக் கை நீட்டினால் மனைவி கரண்டியை நிறுத்திவிடுவாள். “பொறுங்கோ, உங்கட முறை வரேல்லை.”

தர்சினிக்குக் கலியாணமாகி, போன மாதம் வயிற்றுக்குத்து வந்தது. அக்கா ஃபோன் எடுத்தபோது ஸ்டாண்டில் கடைசி ஆளாக நின்றேன். வரிசையைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பாதி வழியில், வலிக்கு நடுவில், பின்னாலிருந்து மெல்லிய குரல் வந்தது.

“மாமா... உங்கட முறை வந்திட்டுதோ?”

சிரித்தேன். றோட்டு மட்டும் கொஞ்ச நேரம் கலங்கித் தெரிந்தது.

எழுதியது: அவளுடைய பிள்ளைக்கு முப்பத்தோராம் நாள், ஆவணி வெள்ளி.