ராஜா வாயை மூடிய வாரம்

திங்கட்கிழமை காலை பல் தேய்க்கும்போதே பாடகர் முடிவெடுத்துவிட்டார். சனிக்கிழமை வரை வீட்டில் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

ஊருக்குச் சொல்லும் காரணம் தொண்டை. சனிக்கிழமை புது ஓபரா, அதாவது முழுக்கப் பாட்டாலேயே நடக்கும் நாடகம், அரங்கேறுகிறது. புது என்றால் முந்நூறு வருஷப் பழசு. இந்த ஊருக்குப் புது. ஈட்டி பிடித்த காவலாளி, ஓலை கொண்டுவரும் தூதன் என்றே காலம் தள்ளிய மனுஷனுக்கு இப்போதுதான் தலையில் கிரீடம் ஏறியிருக்கிறது. ராஜா வேடம்.

உள்ளே இருக்கும் காரணம் மைத்துனன்.

மைத்துனன் பேக்கரியில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிறவன். ஊர் விழிக்கும்போது வந்து படுப்பான், ஊர் களைக்கும்போது எழுந்திருப்பான். அவன் குடியிருந்த கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். பாடகரின் மனைவி இரண்டு நாளாக சூப்பைக் கிளறிக்கொண்டே, "பாவம், எங்க போவான் அவன்" என்று சூப்பிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டில் காலியாக இருப்பது பின்னறை ஒன்றுதான். காலி என்பது அவள் கணக்கு. அது பாடகரின் சாதக அறை. சத்தம் வெளியே போகாமல் சுவர் முழுக்கக் கம்பளி மாட்டி, ஒரு பியானோவும் ஆளுயரக் கண்ணாடியும் வைத்திருந்தார். பகலில் தூங்குகிறவன் அங்கே படுத்துக்கொண்டால், பகலில் பாடுகிறவன் எங்கே போவான்?

"முடியாது" என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து மனைவியை நோக்கிப் புறப்பட்டதே இல்லை. அவள் மின்சார ஆபீசில் புகார் கவுண்டரில் உட்காருகிறவள். எரிந்து விழ வருகிறவனையே நன்றி சொல்லிப் போகவைக்கிறவள். அவளிடம் வாதாடி ஜெயிக்க முடியாது. வாதமே இல்லாமல் செய்துவிட்டால்? வாய் இல்லாதவனிடம் யார் அனுமதி கேட்பார்கள்? அதற்குள் மைத்துனன் வேறு இடம் பார்த்துக்கொள்வான்.

டாக்டர் உண்மையில் சொன்னது உப்புத் தண்ணீரில் கொப்பளியுங்கள் என்றுதான். பாடகர் அதைக் கொஞ்சம் இழுத்து நீட்டிக்கொண்டார்.

"டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார். தியேட்டர்ல மட்டும்தான் பாடலாம். வீட்ல மூச்! பேச்சுமில்ல, பாட்டுமில்ல. கிசுகிசுன்னு பேசினாக்கூட தொண்டைக்குக் கெடுதலாம்."

"எழுதிக் காட்டலாமில்ல?" என்றாள் மனைவி.

இதை அவர் யோசித்திருக்கவில்லை. "அது... எழுதறப்போ மனசுக்குள்ள பேசறோம் பாரு, அப்பவும் தொண்டை அசையுமாம்."

"தலையாவது ஆட்டலாமா?"

"கழுத்து நரம்பு!"

"சரிங்க. இனிமே பேசாதீங்க" என்று சொல்லிவிட்டு அவள் ஆபீசுக்குக் கிளம்பினாள். இவ்வளவு சுலபமாக அவள் சரி என்றதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

பயம் அவருக்குப் புதிதல்ல. தொழிலே அப்படி. பேச்சில் அவருக்குக் கட்டைக் குரல். தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். பாட ஆரம்பித்தால் அதே தொண்டையிலிருந்து பெண் குரல் உயரத்தில் ஒரு குரல் எழும்பும். இதற்குக் கவுன்ட்டர்டெனர் என்று பெயர். அந்தக் காலத்து ஓபராவில் ராஜாவுக்கும் தளபதிக்கும்தான் உச்சஸ்தாயி. கிழவனுக்கும் வேலைக்காரனுக்கும் கட்டைக் குரல். பார்சல்காரன் ஒரு தடவை வாசலில் நின்று கேட்டுவிட்டு, "பாடற அம்மாவைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க சார்" என்றான். பாடகர் அம்மாவாகவே கையெழுத்துப் போட்டார். விளக்கம் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை.

தைரியம் இல்லாததுதான் ஒத்திகையிலும் தகராறு. வாத்தியக் குழுவை நடத்துகிறவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். ராஜாவின் அரண்மனைக்குள் எதிரி புகுந்து சிம்மாசனத்தில் உட்கார்ந்துவிடுகிறான். "வெளியே போ" என்று ராஜா பாடவேண்டும். ஒரு தடவை பாடி, நடுவில் கொஞ்சம் உருகி, மறுபடி முதல் அடிக்கு வந்து சங்கதிகளை அள்ளிப் போட்டு, கடைசியில் உச்சியில் ஒரு சுரத்தைப் பிடித்து நிற்கவேண்டும். அந்த உச்சியில் பாடகரின் குரல் தினமும் நூலாகிவிடும்.

"என்ன சார் இது?" அன்றைக்கு மாஸ்டர் கோலைக் கீழே வைத்தார். "எதிரியை விரட்டுறீங்களா, அவன்கிட்ட லீவு கேக்குறீங்களா? கோபம் வேணும் சார், கோபம்! வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அதுக்கப்புறம் அவர்தான்."

அவர் என்றது, கடைசி வரிசையில் கால்மேல் கால் போட்டிருந்த இளம் பாடகனை. அவனுக்கு ராஜா பாட்டு முழுக்க மனப்பாடம். பாடகரைப் பார்த்து அன்பாகப் புன்னகை செய்தான். அந்தப் புன்னகை பாடகருக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. மறுபடியும் ஈட்டியா?

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், சாப்பாட்டு மேஜையில் மைத்துனன். கையில் ஒரு முழு ரொட்டி.

"வாங்க அத்தான். பேசாதீங்க, அக்கா சொல்லிச்சு."

மனைவி தட்டை வைத்தாள். "ஏங்க, தம்பி பின்னறையில வந்து தங்கிக்கட்டுமா?"

பாடகர் ஸ்பூனைத் தட்டில் வைத்தார்.

"வேண்டாம்னா ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"அக்கா! அத்தானை ஏன் பேசவைக்கற? தொண்டை என்னத்துக்கு ஆகறது?"

"பேச வேண்டாம்டா. எங்க ஆபீஸ்ல ஒரு வழக்கம் இருக்கு. ஆட்சேபணை இருந்தா சொல்லுங்கன்னு நோட்டீஸ் ஒட்டுவோம். யாரும் வாயைத் திறக்கலேன்னா சம்மதம்."

பாடகர் கண்ணை உருட்டினார். புருவத்தை ஏற்றி இறக்கினார். மூக்கு விடைத்தது.

"பாருடா, மாமன் வீட்டுக்கு வந்த குழந்தை மாதிரி முகத்துல எவ்வளவு சந்தோஷம்!" என்றாள் மனைவி.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். வாயை மூடிக் கெட்ட தவளை உலகத்தில் இது ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை மைத்துனன் மூட்டையோடு வந்து இறங்கினான். புதன்கிழமை சுவர்க் கம்பளி அவனுக்குப் போர்வையாயிற்று. "சும்மாதானே அத்தான் தொங்குது?" பியானோ மேல் மாவு படிந்த ஏப்ரன்கள் காய்ந்தன. வியாழக்கிழமை, பாடகர் தொண்டைக்கு மட்டுமே என்று பொத்திப் பொத்தி வைத்திருந்த வெள்ளைச் சால்வையை அவன் கழுத்தில் சுற்றிக்கொண்டு பேக்கரிக்குப் போனான். "உங்க ஞாபகமாவே இருக்கும் அத்தான்." ஒவ்வொன்றுக்கும் "முடியாது" தொண்டை வரை வந்தது. ஒவ்வொன்றையும் அவர் விழுங்கினார்.

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அந்த உச்ச சுரத்தை மெல்லத் தொட்டுப் பார்த்தார். உடனே கதவு தட்டப்பட்டது.

"ஏங்க! வீட்ல பாட்டுமில்லன்னுதானே டாக்டர் சொன்னார்? நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் யாருக்குப் பதில் சொல்வேன்?"

அவர் குழாயை மூடினார். ஈரத் துண்டோடு தொட்டி விளிம்பில் உட்கார்ந்து அழுதார். சத்தமில்லாமல்தான். அழுகைக்கும் தடை உண்டு என்று அவரே சொல்லிவைத்திருந்தாரோ என்னவோ, ஞாபகம் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை கடைசி ஒத்திகை. பாடுகிறவர்களின் வீட்டார் வந்து பார்க்கலாம். மனைவி லீவு போட்டு வந்திருந்தாள். பக்கத்தில், முன் வரிசையில், நட்டநடுவில் மைத்துனன். ராத்திரி முழுக்க மாவு பிசைந்துவிட்டு நேரே வந்திருந்தான். கழுத்தில் வெள்ளைச் சால்வை.

பாடகர் கிரீடத்தோடு மேடையேறினார். முதல் அடி ஒப்பேறியது. நடுப்பகுதிக்கு வாத்தியங்கள் தணிந்தன. ஒரே ஒரு செல்லோ மட்டும் இழைந்தது. அந்த அமைதியில் இன்னொரு சத்தமும் கேட்டது.

குறட்டை.

பாடகர் குனிந்து பார்த்தார். மைத்துனன் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். வாயோரம் ஒழுகியது சால்வையில் விழுந்துகொண்டிருந்தது.

பாட்டு முதல் அடிக்குத் திரும்பியது. ராஜா மேடை விளிம்புக்கு வந்தார். "வெளியே போ!" என்று மைத்துனன் முகத்துக்கு நேரே ஆரம்பித்தார். கம்பளிக்கு ஒரு சங்கதி, பியானோவுக்கு ஒரு சங்கதி, சால்வைக்கு மட்டும் மூன்று. வாரம் பூராவும் விழுங்கிய அத்தனை "முடியாது"களும் ஒன்றாகத் திரண்டு உச்சிக்கு ஏறின. சுரம் நின்றது. கம்பி மாதிரி நின்றது. மைத்துனன் அலறியடித்து எழுந்து, "இதோ போயிடறேன்!" என்று கும்பிட்டான்.

கடைசி வரிசை இளம் பாடகன் காலைக் கீழே இறக்கினான்.

மாஸ்டர் ஓடிவந்தார். "இதைத்தான் சார் கேட்டேன்! அந்தச் சால்வைக்காரர் யாரு?"

"என் தம்பிங்க" என்றாள் மனைவி.

"நாளைக்கும் அவர் இதே சீட்ல இருக்கணும். சீசன் முடியற வரைக்கும் தினம் இருக்கணும். அவர் இல்லாம இந்தப் பாட்டு இல்ல."

மத்தியானம் வீடு திரும்பினார்கள். மைத்துனன் நேரே பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். மனைவி அடுப்பைப் பற்றவைத்தபடி சாதாரணமாகச் சொன்னாள்:

"தம்பி வேற ரூம் பாத்துட்டான். பேக்கரி மாடியிலயே. நாளைக்குக் காலி பண்றானாம். இனிமே தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டு தியேட்டர் பக்கம்லாம் வரமாட்டானாம்."

"ஐயோ, போகக்கூடாது!" பாடகர் கத்திவிட்டார்.

"என்னங்க பேசறீங்க? டாக்டர்..."

அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"பொத்த வேண்டாம். டாக்டருக்குத் திங்கட்கிழமையே போன் பண்ணிட்டேன். உப்புத் தண்ணின்னார்."

பாடகருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "சரி, தப்புத்தான்" என்றார், தரையைப் பார்த்தபடி. "நீயே அவனை இருக்கச் சொல்லேன். பின்னறையிலயே இருக்கட்டும். சால்வையையும் அவனே வெச்சுக்கட்டும்."

"நான் எதுக்குச் சொல்லணும்? உங்க ரூம். நீங்களே கேளுங்க."

ராஜா தன் சாதக அறை வாசலில் போய் நின்று, தட்டுவதற்குக் கையை ஓங்கினார்.

"ஏங்க, தட்டிடாதீங்க! அவன் தூங்கறான். எழுந்திருக்கிற வரைக்கும் பேசாம நில்லுங்க."