சேர்மன் ஸ்டாப்

ஒரு தேர்தலிலும் நிற்காமல், ஒரு ஓட்டும் வாங்காமல், சாகும்வரை சேர்மனாக இருந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் தெருவில் இருந்தார். அதைத் தெரு என்று சொல்வதுகூட அவர் பழக்கிவிட்டதுதான். மற்றவர்கள் கண்ணுக்கு அது ஆடு போகிற தடம்.

புதுத் துறைமுக வேலை மும்முரமாக நடந்த எழுபதுகளில், தூத்துக்குடி நகரம் மில்லர்புரத்தைத் தாண்டி வெளியே வழிய ஆரம்பித்திருந்தது. "நாளைக்கே டவுன் இங்கன வந்துரும்" என்று தரகர் சொன்னதை நம்பி, உடைமர முள்காட்டுக்குள் மனை வாங்கி வீடு கட்டிய புத்திசாலிகளில் நானும் ஒருவன். துறைமுகத்தில் குமாஸ்தா உத்தியோகம். நகராட்சியின் எல்லைக்கல் எங்களுக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டது. அதனால் எங்களுக்குக் குழாய் கிடையாது, தெருவிளக்கு கிடையாது, சாக்கடை கிடையாது. சேர்மன் மட்டும் உண்டு.

கருப்பட்டி வியாபாரத்தைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு வந்த தனிக்கட்டை அவர். விடிந்ததும் கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு மேற்பார்வைக்குக் கிளம்பிவிடுவார். நான் குடிவந்த மறுநாள், என் வாசலில் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி தேடுதிய?"

"சாக்கடையப் பாக்கேன்."

"இங்கதான் சாக்கடையே இல்லையே."

"வரும்லா. வரும்போது எங்கன வரும்னு இப்பவே பாக்காண்டாமா? ஒன் வாசப்படி அதுக்கு நடுவுல நிக்கிடே."

அந்த வாரமே நான் படியை இடித்து உள்ளே தள்ளிக் கட்டினேன். வராத சாக்கடைக்கு வழிவிட்ட முதல் குடிமகன் என்ற பெருமை எனக்கு உண்டு.

எங்களை எல்லாவற்றையும்விட வாட்டியது பஸ். துறைமுகத்துக்குப் போகும் டவுன் பஸ் எங்கள் முக்கு வழியாகத்தான் போகும். நிற்காது. தலைப்பிரசவத்துக்கு ஸ்ரீவைகுண்டம் போன என் மனைவி, மகள் பிறந்து மாதங்கள் ஆகியும் திரும்பவில்லை. காரணம் என் மாமனார். வீட்டைப் பார்க்க வந்தவர் மில்லர்புரத்தில் இறங்கி, ஆனிக் காற்றில் மண்ணை வாரிக் குளித்தபடி நடந்து வந்தார். இரண்டு செம்பு தண்ணீர் குடித்தபிறகுதான் பேசினார்.

"வீடு நல்லாத்தான் இருக்கு மாப்ள. பிள்ளைக்கு ஒரு காய்ச்சல்னா எதுல தூக்கிட்டு ஓடுவிய? மொதல்ல பஸ்சு நிக்கட்டும், அனுப்பி வைக்கேன்."

நியாயமான பேச்சு. அதனாலேயே எனக்குக் கோபம் வந்தது. அவர் போனதும் சேர்மனிடம் சொன்னேன். மகள் முகத்தை மொத்தமே இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன் என்றும் சொன்னேன்.

சேர்மன் விசிலைக் கையில் எடுத்துக்கொண்டார். "நம்ம ஊருக்கு வரவேண்டிய ரெண்டு சனம் வெளிய நிக்கி. சேர்மன்னு ஒருத்தன் இருந்துகிட்டு இத விட முடியுமாடே?"

முதலில் பனங்கட்டையில் 'பஸ் நிற்கும்' என்று பலகை எழுதி நட்டார். பஸ் முன்னைவிட வேகமாகப் போனது. "ஆளு நின்னாத்தாம்டே பஸ்சு நிக்கும்" என்று மறுநாள் ஊரையே வரிசையில் நிறுத்தினார். பேண்ட் போட்டவன் முன்னால் நின்றால்தான் மதிப்பு என்று என்னை முதல் ஆளாக நிறுத்திவிட்டு, தான் நடுரோட்டில் நின்று விசில் ஊதினார். டிரைவர் எங்களைத் தூரத்திலேயே பார்த்தார். ரோட்டைவிட்டு மண்ணில் இறக்கி, சுற்றிக்கொண்டு பறந்துவிட்டார்.

அடுத்தநாள் பஸ் நின்றது. அதிலிருந்து ஒரு போலீஸ்காரர் இறங்கினார். எங்கள் முக்கில் மறியல் என்று டிரைவர் புகார் கொடுத்திருக்கிறார்.

"யாருவே இங்க லீடரு?"

வரிசை மொத்தமும் என்னைக் கைகாட்டியது. எனக்கோ அரசாங்க உத்தியோகம். பெண்டாட்டி பிள்ளைதான் வரவில்லை, வேலையும் போகிறதே என்று நினைத்தேன். உடனே துணிச்சலாக ஒரு முடிவெடுத்து, உடைமரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். அன்று ஏறிய முள் இரண்டு நாள் என்னை நாற்காலியில் உட்காரவிடவில்லை.

சேர்மன் அசரவில்லை. தோள் துண்டை எடுத்துப் போலீஸ்காரருக்குப் போர்த்தினார். "வாங்க சார். நம்ம ஸ்டாப்புல எறங்குன மொத ஆளு நீங்கதான்." வீட்டுக்கு அழைத்துப்போய்க் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். என் குடும்பக் கதையையும் சொன்னார். போலீஸ்காரர் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, "நெலம மோசமாத்தான் இருக்கு. நாளைக்கும் வந்து பாக்கணும்" என்றார்.

மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். மேலிடத்துக்கு, பதற்றம் இன்னும் தணியவில்லை என்று சொல்லிவிடுவார். அவர் இறங்கவும் ஏறவும் பஸ் நின்றாக வேண்டும். நின்ற பஸ்ஸில் நாங்கள் ஏறிக்கொள்வோம். அவர் காப்பி குடித்து முடிக்கும்வரை காத்துக்கிடக்கிற டிரைவருக்கும் கண்டக்டருக்கும் சேர்மன் காப்பியை ரோட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார். நான் ஸ்ரீவைகுண்டத்துக்கு, 'போராடி வென்றேன்' என்று எழுதிப் போட்டேன். முள் சமாசாரத்தை எழுதவில்லை.

மனைவி வருகிற நாளில் பார்த்துப் போலீஸ்காரர் குலசேகரன்பட்டினம் தசரா பந்தோபஸ்துக்குப் போய்விட்டார். பஸ் நிற்காமல் போனால், மாமனார் அதே பஸ்ஸில் பெண்ணையும் பேத்தியையும் திருப்பிக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். சேர்மன் ரோட்டோரம் வந்து நின்றார். அன்று அவர் விசில் ஊதவில்லை.

பஸ் வந்தது. வேகம் குறைந்தது. எங்கள் முன்னால் வந்து நின்றது. டிரைவர் தலையை நீட்டி, "அண்ணாச்சி, காப்பி ஆயிட்டா?" என்றார்.

மாமனார் இறங்கினார். பின்னால் மனைவி, தோளில் தூங்கும் என் மகள். குழந்தை முழித்துவிடக் கூடாதென்று சேர்மன் விசிலைக் கழற்றி மடியில் சொருகிக்கொண்டார்.

வெகுநாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அந்த மனிதர் ஒருநாளும் பஸ்ஸில் ஏறியதே இல்லை. கேட்டேன்.

"எனக்கு எங்கனடே போவணும்? நீங்கள்லாம் வரணும்னுதான நிறுத்துனேன்."

பிறகு எல்லைக்கல் நகர்ந்தது, நிஜமான நகராட்சி வந்தது. சாக்கடையும் வந்தது, எதிர்ப்பக்கம். அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ சேர்மன்கள் வந்து போய்விட்டார்கள். கண்டக்டர்கள் இன்றும் 'சேர்மன் ஸ்டாப்' என்றுதான் கூவுகிறார்கள். எந்த சேர்மன் என்று யாரும் கேட்பதில்லை.

இப்போது என் வீட்டு வாசலிலேயே ஒரு ஸ்டாப் இருக்கிறது. முழங்கால் வலியோடு சேர்மன் ஸ்டாப்பிலிருந்து நடக்காமல் அங்கே இறங்கினால் என்ன என்று மனைவி கோபித்துக்கொள்கிறாள். அவர் நிறுத்தி வைத்த பஸ்ஸிலிருந்து வேறு இடத்தில் இறங்க எனக்கு மனசு வரவில்லை.